ஷைகு ஃபரீதுத்தீன் கஞ்சே ஷகர் (ரஹ்) அவர்களின் அடுக்களை

நமது வீடுகளில் நாள் தவறாமல் அடுப்பு எரிகிறது. உலையில் அரிசி விழுகிறது, ஆணம் கொதிக்கிறது, ஸஹனைச் சுற்றிப் பிள்ளைகள் அமர்கிறார்கள், பிறகு பாத்திரங்கள் கழுவிக் கவிழ்க்கப்படுகின்றன. தொழுகை விரிப்பில் நிற்கும் நேரத்தை மட்டும் வணக்கம் என்று எண்ணும் நாம், அடுப்பங்கரையில் கழியும் நேரமும் வணக்கமாக மாற முடியும் என்பதை மறந்து விடுகிறோம். பூமியில் விளைபவற்றில் ஹலாலானதையும் தூய்மையானதையும் உண்ணும்படி அல்லாஹ் தன் திருமறையில் ஏவுகிறான். உண்டபின் அவனுக்கு நன்றி செலுத்தவும் ஏவுகிறான். இந்த ஏவலை ஒரு பானை காயிலும் ஒரு பிடி உப்பிலும் காட்டிச் சென்ற மகான் ஒருவரின் வரலாற்றைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

அன்னார்தான் இறைநேசச் செல்வர் ஷைகு ஃபரீதுத்தீன் மஸ்ஊத் (ரஹ்) அவர்கள். மக்கள் அன்போடு பாபா ஃபரீத் என்பார்கள். கஞ்சே ஷகர், அதாவது சர்க்கரைப் புதையல் என்பது அவர்களின் சிறப்புப் பெயர்.

பாபா அவர்களின் பாட்டனார் காபூல் பகுதியிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள். முல்தானுக்கு அருகில் கோத்வால் என்ற சிற்றூரில் காஜியாக இருந்தார்கள். அவ்வூரில்தான் ஹிஜ்ரி 571, கிறிஸ்து ஆண்டு 1175 வாக்கில் பாபா அவர்கள் பிறந்தார்கள். தந்தையார் ஜமாலுத்தீன் சுலைமான், தாயார் கர்ஸூம் பீவி. தாயாரோ இரவெல்லாம் தொழுகையில் நிற்கும் உத்தமி. சிறுவர் ஃபரீதைத் தொழுகையில் பழக்குவதற்காக, அந்த அம்மையார் தொழுகை விரிப்பின் அடியில் சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை வைத்து விடுவார்களாம். தொழுத பிள்ளைக்கு அல்லாஹ் கொடுத்த இனிப்பு அது. ஒருநாள் வைக்க மறந்துபோன போதும் விரிப்பின் அடியில் சர்க்கரை இருந்தது என்றும், கஞ்சே ஷகர் என்ற பெயர் அதனால் வந்தது என்றும் ஒரு வழக்கு உண்டு. பெயர்க் காரணத்தை வேறு விதமாகச் சொல்வாரும் உளர். எப்படியாயினும் ஒன்று தெளிவு. உணவு தருபவன் யார் என்ற முதற்பாடத்தை அந்தப் பிள்ளை தன் உம்மாவிடமே கற்றுக் கொண்டது.

கல்வி கற்க முல்தான் சென்ற இளைஞர் ஃபரீத், அங்கே ஒரு பள்ளிவாசலில் மார்க்கச் சட்ட நூலைப் படித்துக் கொண்டிருந்தார்கள். அப்போது அப்பள்ளிக்கு வந்தவர்கள் குவாஜா குத்புத்தீன் பக்தியார் காக்கீ (ரஹ்) அவர்கள். அஜ்மீர் குவாஜா முயீனுத்தீன் சிஷ்தீ (ரஹ்) அவர்களின் தலைமைக் கலீஃபாவான அந்தப் பெரியாரைக் கண்ட மாத்திரத்தில் இளைஞரின் உள்ளம் அவர்கள்பால் சாய்ந்தது. பின்னர் டில்லியில் அவர்களிடம் பயிற்சி பெற்றார்கள்.

அந்தப் பயிற்சிக் காலத்தில் நடந்ததாக ஒரு செய்தி சொல்லப்படுகிறது. ஷைகின் கட்டளைப்படி மூன்று நாள் தொடர்ந்து நோன்பிருந்த ஃபரீத் அவர்கள், யாரோ கொண்டு வந்து கொடுத்த ரொட்டியால் நோன்பு திறந்தார்கள். சற்று நேரத்தில் குமட்டிக் கொண்டு வந்து, உண்டது அனைத்தும் வெளியேறி விட்டது. ஷைகிடம் போய்ச் சொன்னபோது, அந்த ரொட்டி ஒரு குடிகாரனிடமிருந்து வந்தது என்றும், அதை அல்லாஹ் வயிற்றில் தங்க விடாமல் காத்தான் என்றும் அவர்கள் தெளிவுபடுத்தினார்களாம். உணவு வயிற்றில் விழுமுன் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கும் வழக்கம் பாபா அவர்களுக்கு அன்றே ஏற்பட்டு விட்டது எனலாம்.

1235-ஆம் ஆண்டு குத்புத்தீன் (ரஹ்) அவர்கள் வஃபாத்தானபோது ஃபரீத் அவர்கள் ஹான்ஸி நகரில் இருந்தார்கள். டில்லிக்கு விரைந்து வந்து ஷைகின் அங்கியையும் கைத்தடியையும் பெற்றுக் கொண்டார்கள். டில்லியோ சுல்தானின் தலைநகரம். செல்வரும் அதிகாரிகளும் அவர்களைச் சூழத் தொடங்கினர். ஹான்ஸியில் பழகிய ஏழை மனிதர் ஒருவர் பார்க்க வந்தார். வாயிலில் நின்றவர்கள் அவரை உள்ளே விடவில்லை. தெருவில் காத்திருந்து ஷைகைச் சந்தித்த அவர், ஹான்ஸியில் எளிதாகக் காண முடிந்த முகத்தை இங்கே காண முடியவில்லையே என்று கண்ணீர் வடித்தார். அவ்வளவுதான். டில்லியை விட்டுப் புறப்பட முடிவு செய்து விட்டார்கள். ஏழைக்குத் திறவாத கதவு அவர்களுக்கு எதற்கு?

ஹான்ஸியில் சில காலம் தங்கியபின், கடைசியில் அவர்கள் குடியேறிய ஊர் அஜோதன். ஸட்லெஜ் நதித் துறையை ஒட்டிய ஊர். இன்று பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் பாக்பத்தன், அதாவது தூய துறை, என்ற பெயரோடு விளங்குவது அதுவே. அந்நாளில் அது வறண்ட பூமி. முட்புதரும் மணலும் பாம்பும் மிகுந்த இடம். ஊராரும் ஃபக்கீர்களை மதிப்பவர்கள் அல்லர். புகழுக்கு அஞ்சிய அவர்களுக்கு அதுவே பிடித்திருந்தது. மண்ணால் எழுப்பிய எளிய இல்லத்தில் குடும்பத்தோடும் முரீதுகளோடும் வாழத் தொடங்கினார்கள்.

அந்த ஜமாஅத் கானாவின் உணவு எது தெரியுமா? அந்தப் பாலை தரும் காய்களும் பழங்களும்தான். பீலூ என்ற மரம் அங்கே தானாக வளரும். நாம் பல் துலக்கும் மிஸ்வாக் குச்சியைத் தரும் மரத்தின் இனத்தைச் சேர்ந்தது அது. அந்த மிஸ்வாக் மரத்தை நம் நாட்டில் உகா என்பார்கள். பீலூ கோடையில் மணி மணியாகப் பழுக்கும். மற்றொன்று கரீர் என்ற முட்செடி. இலை இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருக்கும் அந்தச் செடியில் டேலா என்ற சிறு காய் காய்க்கும். கசப்பும் காரமும் கலந்த காய். உப்புத் தண்ணீரில் ஊற வைத்துக் கசப்பைப் போக்கித்தான் ஊறுகாய் போடுவார்கள். ராஜஸ்தானத்து மக்கள் இன்றும் அதைச் சமைக்கிறார்கள். விதைத்தவர் இல்லை, நீர் பாய்ச்சியவர் இல்லை, விலை சொல்வாரும் இல்லை. வல்ல ரஹ்மான் மணலிலிருந்து எடுத்துக் கொடுக்கும் ரிஸ்கு அது.

இதைப் பறித்துச் சமைத்தவர்கள் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். டில்லியிலிருந்து புகாராவுக்குப் போய்த் தம் ஐயங்களைத் தீர்த்துக் கொள்ளப் புறப்பட்டு, வழியில் அஜோதனிலேயே தங்கிவிட்ட பேரறிஞர் மௌலானா பத்ருத்தீன் இஸ்ஹாக் விறகு வெட்டிச் சுமந்து வருவார். ஹான்ஸியில் கதீபாக இருந்து அப்பதவியைத் துறந்த ஷைகு ஜமாலுத்தீன் முட்களுக்கிடையே கைவிட்டு டேலா பறிப்பார். ஹுஸாமுத்தீன் காபூலீ தண்ணீர் கொண்டு வந்து பாத்திரங்களைக் கழுவி வைப்பார். 1257-ஆம் ஆண்டு வாக்கில் பதாயூனைச் சேர்ந்த இருபது வயது ஆலிம் ஒருவர் வந்து சேர்ந்தார். டில்லியில் விவாத சபைகளைக் கலக்கிய அந்த வாலிபருக்குக் கிடைத்த வேலை அடுப்பு மூட்டிக் காய் வேக வைப்பது. அவர்தான் பிற்காலத்தில் ஹிந்துஸ்தானமே போற்றிய ஹழ்ரத் நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) அவர்கள். டேலா வயிறு நிறையக் கிடைத்த நாள் தங்களுக்கு ஈதுப் பெருநாளாக இருந்தது என்று அவர்கள் முதுமையிலும் நினைவு கூர்ந்திருக்கிறார்கள்.

இங்கேதான் அந்த ஒரு பிடி உப்பின் நிகழ்ச்சி வருகிறது.

ஒருநாள் டேலா வேகிறது. வீட்டில் உப்பு இல்லை. உப்பில்லாமலே பல நாள் உண்டவர்கள்தான் அவர்கள். ஆனாலும் தம் ஷைகு உண்ணப் போகும் உணவாயிற்றே, கொஞ்சம் சுவையாக இருக்கட்டுமே என்று இளைஞர் நிஜாமுத்தீனின் மனம் ஆசைப்பட்டது. கையில் காசு இல்லை. அக்கம் பக்கத்து மளிகைக் கடையில் கடன் சொல்லிச் சிறிது உப்பு வாங்கி வந்து பானையில் இட்டார்கள். நோன்பு திறந்தபின் உணவு கொண்டு வைக்கப்பட்டது. பாபா அவர்கள் பாத்திரத்தில் கையிட்டார்கள். கவளத்தை எடுக்கக் கை எழவில்லை. கை கனக்கிறது என்றும், இந்த உணவில் ஏதோ சந்தேகம் இருக்கிறது என்றும் கூறிக் கையை எடுத்துக் கொண்டார்கள்.

நிஜாமுத்தீன் அவர்களுக்கு உடல் நடுங்கி விட்டது. எழுந்து நின்று, விறகு கொண்டு வந்தவர் யார், காய் பறித்தவர் யார், தண்ணீர் சுமந்தவர் யார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, சமைத்தது தாமே என்றும், சந்தேகத்துக்கு இடம் எதுவென்று புரியவில்லை என்றும் விண்ணப்பித்தார்கள். உப்பு எங்கிருந்து வந்தது என்று ஷைகு கேட்டார்கள். அப்போதுதான் அவர்களுக்கு உண்மை பளிச்சென்றது. கடனுக்கு வாங்கியதை ஒப்புக் கொண்டார்கள். நாக்கின் ருசிக்காகக் கடன்படுவதைவிடப் பட்டினியால் இறப்பது தர்வேஷுக்கு மேல் என்றும், கடனும் தவக்குலும் கிழக்கும் மேற்கும் போன்றவை என்றும் பாபா அவர்கள் உபதேசித்தார்கள். அந்த உணவை எடுத்து ஏழைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். அந்த நாளுக்குப் பிறகு நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்கள் எவ்வளவு நெருக்கடியிலும் கடன் வாங்குவதில்லை என்று தமக்குள் உறுதி செய்து கொண்டார்கள்.

இந்த இடத்தில் நம் வாசகர்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழும். கடன் வாங்குவது ஹராமா? நம் நாயகம் (ஸல்) அவர்களே தம் குடும்பத்தாருக்காக வாற்கோதுமையைக் கடனாகப் பெற்று, அதற்காகத் தம் கவசத்தை ஈடு வைத்திருந்தார்களே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தேவைக்குக் கடன் பெறுவதை ஷரீஅத் தடுக்கவில்லை. பிள்ளைகள் பசித்திருக்கும்போது அரிசி கடன் வாங்கும் தாய் குற்றவாளி அல்லள். பாபா அவர்கள் அந்த உப்பை ஹராம் என்று சொல்லவுமில்லை. சொல்லியிருந்தால் அதை ஏழைகளுக்குக் கொடுக்கச் செய்திருப்பார்களா? அவர்கள் பார்த்தது உப்பை அல்ல. அதற்குப் பின்னால் நின்ற மனநிலையை. அல்லாஹ் இனாமாகக் கொடுத்த காய் பானையில் இருக்கிறது. அது போதாது, இன்னும் கொஞ்சம் ருசி வேண்டும் என்று மனம் கடைப்பக்கம் ஓடுகிறது. நன்றி குறையும் இடம் அதுதான். தேவைக்கும் ஆசைக்கும் நடுவே இருக்கும் அந்த மெல்லிய கோட்டை ஒரு பிடி உப்பால் வரைந்து காட்டி விட்டார்கள்.

அதே அடுக்களையில் இன்னொரு பாடமும் நடந்தது. நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்களோடு டில்லியில் படித்த நண்பர் ஒருவர் அஜோதனுக்கு வந்து ஒரு சத்திரத்தில் தங்கினார். கிழிந்த அழுக்குடையில் தம் நண்பரைக் கண்டு திடுக்கிட்டார். நகரத்தில் ஓதிக் கொடுத்துக் கொண்டிருந்தால் இந்நேரம் பெயரும் பொருளும் சேர்ந்திருக்குமே என்று வருந்தினார். இது பாபா அவர்களுக்குத் தெரிந்தது. அடுக்களையிலிருந்து ஒரு தட்டு நிறைய உணவு எடுக்கச் செய்து, அதைத் தலையில் சுமந்து கொண்டுபோய் அந்த நண்பருக்குக் கொடுத்து வரும்படி நிஜாமுத்தீன் அவர்களைப் பணித்தார்கள். கடைத்தெரு வழியே தலையில் தட்டோடு போனார்கள். நண்பர் பதறி எழுந்து இறக்கி வைத்தார். உண்டபின் வெறும் தட்டைத் தம் பணியாளிடம் கொடுத்தனுப்ப முற்பட்டார். அவர்கள் சம்மதிக்கவில்லை. சுமந்து வந்தவாறே சுமந்து சென்றார்கள். அந்த நண்பர் பின்தொடர்ந்து வந்து பாபா அவர்களின் முன் தலைகுனிந்தார். உணவைச் சுமப்பது இழிவு என்ற எண்ணம் ஆலிமின் உள்ளத்தில் எஞ்சியிருந்தால் அன்றோடு அது போயிற்று.

பாபா அவர்கள் தாம் உண்ட முறை எப்படி? அநேகமாக எல்லா நாளும் நோன்பு. நோன்பு திறக்கும்போது ஒரு பாத்திரத்தில் சர்பத் வரும். அதில் சில உலர்ந்த திராட்சைகள் கிடக்கும். அதில் பாதியோ அதற்கு மேலோ அருகில் இருப்பவர்களுக்குப் பங்கிட்டு விட்டு மீதியை அருந்துவார்கள். பிறகு நெய் தடவிய இரண்டு ரொட்டிகள். ஒன்றைத் துண்டு துண்டாக்கி வந்திருப்போருக்குக் கொடுப்பார்கள். மற்றதைத் தாம் உண்பார்கள். அதிலும் தாம் விரும்பியவருக்கு ஒரு துண்டு போகும். இஷாவுக்குப் பின் ஸுப்ரா விரித்து எல்லோருக்கும் உணவு பரிமாறப்படும். அவர்களுக்கோ மறுநாள் நோன்பு திறக்கும் வரை வேறு உணவு கிடையாது. பகலில் அமரும் கம்பளமே இரவில் படுக்கை. அதுவும் கால்வரை எட்டாது.

கதவு நள்ளிரவு வரை திறந்திருக்கும். ஆலிம் வருவார், படைவீரன் வருவான், ஹிந்து யோகியும் வருவார். வந்தவர் எவரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. சுல்தான் நாஸிருத்தீன் மஹ்மூதின் படை அவ்வழியே சென்றபோது, அவருடைய தளபதியும் பின்னாளில் பல்பன் என்ற பெயரில் சுல்தானானவருமான உலுக் கான், பெருந்தொகையும் நான்கு கிராமங்களுக்கான பட்டயமும் கொண்டு வந்து வைத்தார். காசை வாங்கி அங்கேயே ஃபக்கீர்களுக்குப் பங்கிட்டு விட்டார்கள். கிராமங்களின் பட்டயத்தை, அதை விரும்புவோர் பலர் உண்டு என்று கூறித் திருப்பி அனுப்பி விட்டார்கள். நான்கு ஊர்களின் விளைச்சல் களஞ்சியத்துக்கு வந்திருந்தால் டேலாவின் கசப்பு தீர்ந்திருக்கும். ஆனால் நாளைய உணவுக்கு நாயனை நோக்கும் கண், களஞ்சியத்தை அல்லவா நோக்கத் தொடங்கியிருக்கும்!

இறுதிக் காலத்தில் வறுமை மேலும் கடுமையாயிற்று. ஹிஜ்ரி 664 முஹர்ரம் ஐந்தாம் இரவு, அதாவது 1265 அக்டோபரில், நோயின் மயக்கத்திலிருந்து தெளியும் போதெல்லாம் இஷா தொழுதாயிற்றா என்று கேட்டார்கள். தொழுதாயிற்று என்று சொன்ன பிறகும், மற்றொரு முறை தொழுவோம், என்ன நடக்கும் என்று யாரறிவார் என்று கூறி மீண்டும் தொழுதார்கள். இவ்வாறு மூன்று முறை தொழுதபின் இறையடி சேர்ந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கபனுக்குத் துணி இல்லை. அன்பர் குடும்பத்து அம்மையார் ஒருவர் தம் வெள்ளைப் போர்வையைக் கொடுத்தார்கள். கப்ருக்கு வைக்கச் செங்கல் இல்லை. அவர்களின் வீட்டு வாயிலை இடித்துச் சுடாத மண் கற்களை எடுத்து வைத்தார்கள். எந்தக் கதவு ஏழைக்காகத் திறந்தே இருந்ததோ, அந்த வாயிலின் மண்ணே அவர்களோடு துணையாகப் போயிற்று.

உப்புக் கடனில் பாடம் கற்ற மாணவர் என்ன ஆனார்? டில்லிக்கு அருகே கியாஸ்பூரில் நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்களின் லங்கர் நாள்தோறும் எண்ணற்றவர்களுக்கு உணவளித்தது. அவர்களோ நோன்பு வைத்தார்கள். ஸஹர் நேரத்தில் பணியாளர் உணவு கொண்டு வந்து வற்புறுத்தினால், பள்ளிவாசல் மூலைகளிலும் கடைத் திண்ணைகளிலும் பசித்துக் கிடக்கும் ஏழைகளை நினைத்து அழுவார்கள். கவளம் தொண்டையில் இறங்காது. 1325-இல் தம் மரணம் நெருங்கியதை உணர்ந்ததும், இல்லத்தில் உள்ள தானியம் அனைத்தையும் ஏழைகளுக்குக் கொடுத்து விடச் சொன்னார்கள். சிறிது மிச்சம் வைக்கப்பட்டது தெரிந்ததும் வருந்தி, அதையும் வாரிக் கொடுத்துத் துடைத்துவிடப் பணித்தார்கள். அஜோதன் அடுக்களையில் மூட்டிய நெருப்பு அவ்வளவு தூரம் வெளிச்சம் தந்தது.

சகோதர சகோதரிகளே! நாம் துறவிகள் அல்லர். குடும்பமும் குழந்தைகளும் உடையவர்கள். ஆனால் இந்த வரலாற்றில் நம் வீட்டுக்கும் பங்கு உண்டு. நம் கொல்லையில் முருங்கை நிற்கிறது. வேலியில் கோவையும் பிரண்டையும் படர்கின்றன. கேழ்வரகும் கம்பும் நம் மண்ணில் விளைகின்றன. கரையோரத்தில் அன்றாடம் மீன் வந்து இறங்குகிறது. இவற்றை ஏழை உணவு என்று ஒதுக்கி விட்டு, விருந்தின் பெருமைக்காக மளிகைக் கடைப் பற்றுக் கணக்கை நீட்டிக் கொண்டு போகிறோம். அந்தக் கணக்கைக் காணும்போதாவது அஜோதனின் உப்பு நம் நினைவுக்கு வரட்டும்.

அரிசி களையும்போதே பிஸ்மில்லாஹ் சொல்லுவோம். அடுப்பின் முன் நிற்கும்போது நாவில் திக்ரு இருக்கட்டும். கோபத்தோடும் புறம் பேச்சோடும் சமைக்காதிருப்போம். நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை என்பதை ஸஹனைச் சுற்றி அமரும் ஆண்களும் நினைவில் கொள்வார்களாக. ஆணத்தில் தண்ணீரைக் கூட்டியாவது அண்டை வீட்டாருக்குக் கொடுக்கும்படி அவர்கள் கற்பித்ததை மறவாதிருப்போம். சம்பாத்தியம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை வீட்டின் தலைவர் தம்மைத் தாமே கேட்டுக் கொள்ளட்டும். ஹலாலான கஞ்சியில் உள்ள பரக்கத் சந்தேகமான நெய்ச்சோற்றில் இல்லை.

யா அல்லாஹ்! எங்கள் அடுப்புகளில் ஹலாலையும், எங்கள் கைகளில் ஈகையையும், எங்கள் நாவுகளில் உன் நன்றியையும் நிலைபெறச் செய்வாயாக! எங்கள் பிள்ளைகளின் வயிற்றில் தூய உணவைத் தவிர வேறெதையும் சேர்க்காதிருப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.